ஈ.சி.ஜி. ‘நோர்மல்’, ஆனாலும் படியேறினால் நெஞ்சு இறுக்குகிறது

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 54, பாடசாலை ஆசிரியை. ஒன்பது வருடமாகச் சீனி வருத்தம். அதற்கு மெட்ஃபோமின், பிரஷருக்கு லொசார்டன். மாதவிடாய் நின்று நான்கு வருடம். அண்ணன் 49 வயதில் மாரடைப்பால் காலமானவர்.

ஆறு கிழமைக்கு முன் லிஃப்ட் வேலை செய்யாத ஒரு நாள், மூன்றாம் மாடிக்கு ஏறிப்போகையில் நடுநெஞ்சில் ‘ஆரோ கச்சையைப் போட்டு இறுக்கினது போல’ இருந்ததாம். படியில் நின்றதும் மூன்று நான்கு நிமிடத்தில் போய்விட்டது. பிறகு மரீன் ட்ரைவ் வழியே பின்னேரம் விரைந்து நடந்தாலும் வந்தது, மத்தியானம் சாப்பிட்ட கையோடு நடந்தால் இன்னும் சுருக்காக வந்தது. சில தடவை கீழ்த்தாடை வரை ஏறி, பல்லுக் கொதிப்பது போல உளைந்தது. முதலில் மூன்றாம் மாடியில் வந்தது இப்போது முதலாம் மாடியிலேயே வருகிறது. ஏப்பம் விட்டால் கொஞ்சம் சுகம். பாமசியில் ‘கேஸ்’ என்று ஒமிப்ரசோல் கொடுத்தார்கள். இரண்டு கிழமை குடித்ததில் பரவாயில்லை போலத் தெரிந்தது. மகன் வற்புறுத்தித் தனியார் ஆய்வுகூடமொன்றில் ஈ.சி.ஜி. எடுத்தார், ‘நோர்மல்’. பக்கத்து வீட்டு ஐயா தனது நாக்குக்குக் கீழ் வைக்கும் குளிசையைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். இறுக்கம் உடனே விட்டது. போன ஞாயிறு இரவு, படுக்கையில் சும்மா கிடந்தபோதே வந்து, கால் மணி நேரம் நின்று, உடம்பு வியர்த்து அடங்கியது. மகனை எழுப்பவில்லை.

அவருடைய கேள்விகள் இவை. ‘நோவே இல்லை, இறுக்கம் மட்டும்தான், இது இருதயமாக இருக்குமா? ஈ.சி.ஜி. சரியென்றால் வாயுதானே? பெண்களுக்கு இது குறைவு என்கிறார்களே? சனிக்கிழமை ட்ரெட்மில் சோதனைக்குப் பதிந்து வைத்திருக்கிறேன், போகலாமா? மகளின் கல்யாணத்துக்கு இரண்டரை மாதம் கிடக்கிறது, அஞ்சியோகிராம் என்று ஏதும் சொன்னால் அதற்குப் பிறகு செய்யலாமா?’

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் ஒன்று. ஞாயிறு இரவு நடந்ததற்குப் பிறகு நீங்கள் இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்றால், அடுத்த பந்தியை வாசித்ததும் இதை மூடி வைத்துவிட்டு மகனோடு புறப்படுங்கள். மிச்சத்தை வார்டில் கிடந்து வாசிக்கலாம்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

வெளிநோயாளர் பிரிவு வரிசையில் நிற்க வேண்டாம், கிளினிக் நாளுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். உங்களுக்குக் கிட்ட களுபோவிலையில் கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை இருக்கிறது. தேசிய வைத்தியசாலைக்கும் போகலாம். இரண்டிலும் சிகிச்சை இலவசம். எடுத்துப்போக வேண்டியவை: கிளினிக் கொப்பி, குடிக்கும் எல்லாக் குளிசைகளும் அவற்றின் மட்டைகளோடு, அந்த ‘நோர்மல்’ ஈ.சி.ஜி. தாள். சரியாக இருந்த தாள்தானே என்று விட்டுப்போகாதீர்கள். புதிய ஈ.சி.ஜி.யில் ஒரு சிறு மாற்றம் தெரிந்தால், அது புதிதா பழையதா என்று சொல்லக்கூடியது அந்தத் தாள் ஒன்றுதான். வழியில் இறுக்கம் வந்தால், அல்லது இப்போதே இருந்தால், ஓட்டோ பிடிக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

அங்கே போய் முதலில் என்ன சொல்கிறீர்கள் என்பதும் முக்கியம். ‘கேஸ் மாதிரி இருக்கு’ என்று தொடங்கினால் உங்களை வரிசையில் இருத்திவிடக்கூடும். ‘நெஞ்சு இறுக்கம், ஞாயிறு இரவு சும்மா கிடக்கையில் கால் மணி நேரம், வியர்த்தது, சீனி வருத்தம் இருக்கிறது’ என்று இதே ஒழுங்கில் சொல்லுங்கள். தமிழ் தெரிந்தவர் பக்கத்தில் இல்லையென்றால் ‘பபுவ ஹிரவெனவா’ என்ற இரண்டு சிங்களச் சொல் போதும்; நெஞ்சு இறுக்குகிறது என்று பொருள். வாயு, நெஞ்செரிவு, ஏப்பம் எல்லாவற்றையும் பிறகு, டொக்டர் கேட்கும்போது சொல்லலாம்.

ஏன் இந்த அவசரம்? படியேறினால் வருவதும் நின்றால் போவதுமாக, மாதக் கணக்கில் ஒரே அளவில் நிற்கும் இறுக்கம் ஒரு வகை. அதை ஒரு கிளினிக்கில் ஆறுதலாக ஆராயலாம். உங்களுடையது அந்த வகையைத் தாண்டிவிட்டது. தொடங்கி இரண்டு மாதம் ஆகவில்லை. மூன்றாம் மாடியிலிருந்து முதலாம் மாடிக்கு இறங்கியிருக்கிறது. கடைசியில் அசையாமல் கிடக்கும்போதே வந்திருக்கிறது. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே நிலையற்ற அஞ்சைனா (இதயத் தசைக்கு இரத்தம் போதாமல் வந்து, கூடிக்கொண்டு போகும் நெஞ்சு இறுக்கம்) என்று சந்தேகிக்க வேண்டும். உங்களிடம் மூன்றும் இருக்கின்றன. உங்களை நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைப்பது முறையல்ல. ஆனால் அது இல்லை என்று நிரூபிக்கும் வரை, இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

அதே காரணத்தால் சனிக்கிழமை ட்ரெட்மில்லை உடனே ரத்துச் செய்யுங்கள். ஓய்வில் இறுக்கம் வந்த ஒருவரை ஓடும் பட்டியில் ஏற்றுவது ஆபத்து. பொதி பொதியாகச் சோதனை விற்கும் இடங்களில் இதை எப்போதும் கேட்டுப் பார்ப்பதில்லை.

நோர்மல் ஈ.சி.ஜி. எதைச் சொல்லவில்லை

விடிய ஐந்து மணிக்குக் காலி வீதியைப் படம் எடுத்து, இங்கே நெரிசல் கிடையாது என்று சொன்னால் வெள்ளவத்தைக்காரர் சிரிப்பார்கள். ஒரு பக்கம் தோண்டிப் போட்டிருந்தாலும் அந்த நேரத்தில் வாகனம் தடையின்றிப் போகும். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில்தான் அந்தத் தோண்டல் தெரியும். நீங்கள் எடுத்த ஈ.சி.ஜி., இறுக்கம் இல்லாத நேரத்தில், படுத்திருந்து, சில விநாடிகளுக்கு எடுத்த படம். இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுவரும் முடியுரு நாடிகளில் பெரிய அடைப்பு உள்ளவர்களிலும் ஓய்வு நேர ஈ.சி.ஜி. சரியாக இருப்பது சாதாரணம். பழைய மாரடைப்புத் தழும்பு, தாள மாற்றம், இதயத் தசைத் தடிப்பு போன்றவற்றை அது காட்டும். வந்து போகும் இரத்தக் குறைவை, அது வந்திருக்கும் அந்த நிமிடத்தில் எடுத்தால்தான் பெரும்பாலும் காட்டும்.

இதயத் தசை ஓய்விலேயே தனக்கு வரும் இரத்தத்தில் உள்ள ஒட்சிசனில் ஏறக்குறைய 70 சதவீதத்தைப் பிழிந்து எடுத்துவிடும். கைகால் தசைகள் அப்படியல்ல, அவற்றுக்குக் கையிருப்பு உண்டு. இதயத்துக்கு மேலதிகமாக ஒட்சிசன் வேண்டுமென்றால் மேலதிகமாக இரத்தமே வர வேண்டும், வேறு வழியில்லை. நாடியின் விட்டம் ஏறக்குறைய 70 சதவீதம் குறுகினாலும் ஓய்வில் ஒரு குறையும் தெரியாமல் இருக்கலாம், படியேறினால் தெரியும். இன்னொரு சங்கடமும் இருக்கிறது. இடப்பக்க இதயத் தசைக்கு இரத்தம் பெரும்பாலும் பாய்வது இதயம் சுருங்கும்போது அல்ல, அது தளரும் இடைவேளையில். துடிப்பு வேகமாக வேகமாக அந்த இடைவேளைதான் முதலில் சுருங்கும். தேவை கூடும் நேரத்திலேயே வரத்துக்கான நேரம் குறைகிறது. நீங்கள் படியில் நின்றதும் மூன்று நான்கு நிமிடத்தில் எல்லாம் சரியானது இந்தக் கணக்கு நேராவதால்தான்.

ஆகவே இப்போதைக்கு உங்களிடமுள்ள மிகப் பெறுமதியான சோதனை முடிவு நீங்கள் எழுதிய கடிதம். நாங்கள் கேட்பது மூன்று கேள்வி. இறுக்கம், அழுத்தம், பாரம் என்ற வகையில் நெஞ்சிலோ கழுத்து, தாடை, தோள், கையிலோ இருக்கிறதா? வேலை செய்தால் அல்லது மனம் பதறினால் வருகிறதா? ஓய்ந்தால் ஐந்து நிமிடமளவில் போகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது அஞ்சைனாவின் அச்சு அசல் முகம். படியிலும் மரீன் ட்ரைவிலும் வந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதில் மூன்றும் இருக்கின்றன, ஒருவரும் கேட்காமலே.

‘நோவே இல்லையே’

நோயாளிகளை அதிகம் ஏமாற்றுவது இந்தச் சொல்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து விழுவதெல்லாம் திரையில். லண்டனில் வில்லியம் ஹெபர்டன் 1768இல் இந்த நோயை முதன்முதலாகத் தெளிவாக விவரித்தபோது, அவர் தேர்ந்த பெயரே நெரிப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல். நடக்கும்போது, அதிலும் மேட்டில், அதிலும் சாப்பிட்ட பின் வரும். நின்ற கணம் மறையும் என்று அப்போதே சொல்லிவிட்டார். கிட்டத்தட்ட உங்கள் கடிதம்தான். சாப்பிட்டவுடன் வருவதால் வாயு என்று முடிவு கட்டுவது நம்மிடையே பொது வழக்கம். சாப்பாடு செரிக்கும்போது குடலுக்கு இரத்தம் அனுப்ப இதயம் கூடுதலாக உழைக்கிறது. அதோடு நடையும் சேர்ந்தால் இறுக்கம் சுருக்காக வருவதில் வியப்பில்லை.

சீனி வருத்தம் இதை இன்னும் குழப்பும். வருடக் கணக்கில் சீனி கூடியிருந்தால் இதயத்திலிருந்து நோவைக் கொண்டுபோகும் நரம்புகளே மந்தமாகும். அப்படியானவர்களுக்கு மாரடைப்புக்கூட வெறும் மூச்சு வாங்கல், வியர்வை, குமட்டல், காரணமில்லாத களைப்பு என்று வந்துபோகலாம். பெண்களிலும் தாடை உளைவு, முதுகின் நடுப் பாரம், மூச்சு முட்டல் என்பன சற்று அடிக்கடி காணப்படும். நெஞ்சு இறுக்கம்தான் அவர்களிலும் முதன்மையான அறிகுறி. ஆனால் அதைச் சொல்லும்போது இந்த மற்றவற்றை முன்னே வைத்துவிடுகிறார்கள், கேட்பவரும் அங்கேயே நின்றுவிடுகிறார்.

பெண்களுக்குக் குறைவு என்பது மாதவிடாய் நிற்கும் வரைக்கும் ஓரளவு உண்மை. அதன்பின் அந்தச் சலுகை கரைந்து போகிறது. சீனி வருத்தம் இருந்தால் அதற்கு முன்பே போய்விடுகிறது. தந்தையோ ஆண் சகோதரமோ 55 வயதுக்கு முன், தாயோ பெண் சகோதரமோ 65 வயதுக்கு முன் இருதய நோய்ப்பட்டால் அதைக் குடும்ப வரலாறு என்று கணக்கெடுப்போம். 49 வயதில் போன உங்கள் அண்ணனைக் கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். டொக்டரிடம் அதை முதல் ஐந்து வரிக்குள் சொல்லுங்கள்.

ஏப்பமும் நாக்குக்குக் கீழ்க் குளிசையும்

இரண்டு மருந்தை வைத்து நீங்களே சோதனை செய்திருக்கிறீர்கள்: ஒமிப்ரசோலில் கொஞ்சம் சுகம், அதனால் வாயு; நாக்குக்குக் கீழ்க் குளிசையில் உடனே சுகம், அதனால் இருதயம். இரண்டு முடிவும் நிற்காது. களத்துக்கும் (உணவுக்குழாய்க்கும்) இதயத்துக்கும் உணர்வு நரம்புகள் முள்ளந்தண்டின் ஒரே மட்டங்களுக்கு வருவதால், எது நோகிறது என்று மூளையே தடுமாறும். இதய இறுக்கமுள்ளவரும் ஏப்பம் விடுவார். அவருக்கே அமிலத் தொல்லையும் தனியாக இருக்கலாம்; சோறும் கறியும் இரவு ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் படுக்கும் நகரத்தில் அது அரிதல்ல. மறுபக்கம், ஜீ.டி.என். என்ற அந்தக் குளிசை நாடியைத் தளர்த்துவது போலவே களத்தின் பிடிப்பையும் தளர்த்தும். ஆகவே குளிசையில் சுகம் கண்டது நோயின் பெயரைச் சொல்லாது. எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பது சொல்லும்.

பக்கத்து வீட்டு ஐயாவின் நல்ல மனதுக்கு நன்றி. ஆனால் இனி அவரிடம் வாங்க வேண்டாம். இரத்த அழுத்தம் திடீரென விழுந்து படியில் மயங்கியிருக்கலாம். இதயத்தின் பெருநாடி வால்வு குறுகியவர்களுக்கு இது கூடுதல் ஆபத்து. போதாக்குறைக்கு, போத்தல் திறந்து எட்டுக் கிழமைக்குப் பிறகு அந்தக் குளிசை வலுவிழக்கும். வெயிலும் சூடும் பட்டால் இன்னும் முந்தி. பலர் அதைச் சட்டைப்பையில் கடதாசியில் சுற்றி வருடக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கென்று டொக்டர் எழுதித் தந்தால் அது வந்த கண்ணாடிப் போத்தலிலேயே வைத்து, திறந்த திகதியை மேலே எழுதுங்கள். இதை வாசிக்கும் ஆண்களுக்கு ஒரு வரி: ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் குடித்து 24 மணி நேரத்துக்குள், டடாலாஃபில் குடித்து 48 மணி நேரத்துக்குள் இந்தக் குளிசையைத் தொடக்கூடாது. வெட்கத்தில் மறைக்க வேண்டிய விஷயமல்ல.

ஒமிப்ரசோல் குடிப்பதையும் ஆஸ்பத்திரியில் சொல்ல மறக்காதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க குளொபிடோகிரெல் தொடங்கினால் ஒமிப்ரசோல் அதன் வேலையைக் குறைக்கும், பன்டொப்ரசோலுக்கு மாற்றுவார்கள். நெஞ்சு நோவுக்கென்று டைக்குளோஃபெனாக் போன்ற நோமாத்திரை வாங்கிப் போடுவதும் வேண்டாம். அது இதயத்துக்கும் இரைப்பைக்கும் சேர்த்தே கெடுதல்.

இருதயத்திலேயே வேறு காரணங்கள்

நாடி அடைப்பு ஒன்றே காரணம் என்றில்லை. டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கவனமாகக் கேட்பது பெருநாடி வால்வு குறுகியிருக்கிறதா என்று அறியத்தான். சிறுவயதில் வாதக் காய்ச்சல் வந்ததென்றால் சொல்லுங்கள். எக்கோ ஸ்கேன் அதை உறுதி செய்யும். இதய உறையின் அழற்சி கூர்மையான நோவு. மூச்சை இழுத்தால், மல்லாந்தால் கூடும், முன்னே குனிந்தால் குறையும். இதற்கும் உங்கள் இறுக்கத்துக்கும் ஒற்றுமை குறைவு. பெருநாடிச் சுவர் கிழிவது ஒரே கணத்தில் உச்சமாய் முதுகுக்குப் பாயும். நுரையீரலில் இரத்தக் கட்டி அடைப்பது நீண்ட விமானப் பயணம், சத்திரசிகிச்சை, ஒரு கால் மட்டும் வீங்குதல் என்பவற்றைத் தொடர்ந்து மூச்சு முட்டலாக வரும். இவை இரண்டும் உடனே ஆஸ்பத்திரி.

நாடியில் நிரந்தர அடைப்பு இல்லாமலே அது சுருண்டு இறுகுவதும் உண்டு. பெரும்பாலும் இரவின் பின்பாதியில், ஓய்வில் வரும். பெண்களில் முக்கியமாக நினைக்க வேண்டியது நுண்நாடிகளின் கோளாறு. பெரிய நாடிகள் அஞ்சியோகிராமில் பளிச்சென்று இருக்கும், இறுக்கமோ உண்மையாகவே இருக்கும். இவர்களை ‘மனப்பயம்’ என்று வீட்டுக்கு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. அது பிழை, அதற்கு மருந்து இருக்கிறது. தாங்க முடியாத இழப்புக்குப் பின் இதயத்தின் நுனி பலூன் போல ஊதி மாரடைப்பையே ஒத்து வருவதும் மாதவிடாய் நின்ற பெண்களிலேயே அதிகம். ஜப்பானியர் அந்த வடிவத்தைப் பார்த்து, ஒக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயரை அதற்கு வைத்தார்கள்: டகொட்சுபோ.

இரத்தச் சோகையும் தைரோயிட் மிகையும் இருதய நோயல்ல. ஆனால் அரை அடைப்பை முழு அறிகுறியாக்கும். ஹீமோகுளோபினும், தைரோயிட்டைக் காட்டும் டீ.எஸ்.எச்.சும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மெட்ஃபோமின் வருடக் கணக்கில் குடிப்பவர்களுக்கு விற்றமின் பீ12 குறைவதும், அதனால் சோகை வருவதும் உண்டு.

இருதயமல்லாதது எது? விரல் நுனியால் ஓரிடத்தைத் தொட்டு ‘இதுதான்’ என்று காட்டக்கூடிய குத்து, அழுத்தினால் நோவது, ஒரு விநாடி வெட்டிவிட்டுப் போவது, நாள் முழுக்க விடாமல் நிற்பது. இவை பெரும்பாலும் தசையும் விலா எலும்பும். இறுக்கத்தைக் காட்டச் சொன்னால் இருதய நோயாளி விரலால் காட்டமாட்டார். உள்ளங்கையையோ முட்டியையோ நெஞ்சின் நடுவே வைப்பார்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்

வந்து பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுப்பது விதி, தாமதமானால் மகன் பணிவாக நினைவூட்டலாம். பிறகு ட்ரோபோனின். இதயத் தசை காயப்பட்டால் இரத்தத்தில் கசியும் புரதம் அது. காயப்பட்ட உடனே அதன் அளவு உயராது, சில மணி நேரம் எடுக்கும். அதனால் முதல் முடிவு நன்றாயிருந்தாலும் மீண்டும் எடுப்பார்கள்: புதிய நுண்முறையில் ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில், பழைய முறையில் ஆறு மணி நேரமளவில். முதல் முடிவைக் கேட்டுவிட்டு ‘ஒண்டுமில்லையாம்’ என்று கையெழுத்து வைத்து வெளியே வருவது இங்கு அடிக்கடி நடக்கும் தவறு. சந்தேகம் நிலைத்தால் அஸ்பிரின், குளொபிடோகிரெல், அற்றோவாஸ்டற்றின், வயிற்றுத் தோலில் ஈனொக்சபரின் ஊசி என்று தொடங்கி வார்டில் வைத்திருப்பார்கள். ‘வீட்டுக்குப் போய் உடுப்பு எடுத்து நாளைக்கு வாறன்’ என்ற பேச்சு வேண்டாம்.

அஞ்சியோகிராமும் கல்யாணமும்

‘அஞ்சியோ செய்த ஒருவர் திரும்பி வரவில்லை’ என்று ஊரில் சொல்லாத வீடில்லை. மணிக்கட்டு நாடியில் மரப்பு ஊசி போட்டு, ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் குழாயை இதயம் வரை செலுத்தி, சாயம் விட்டு எக்ஸ்ரே படம் எடுப்பதுதான் அது. விழித்திருப்பீர்கள், படம் மட்டுமென்றால் அரை மணி நேரமளவு. மாரடைப்பு, பக்கவாதம், உயிரிழப்பு போன்ற பெரும் சிக்கல்கள் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. வெறும் எண்ணைப் பார்த்தால் அதுவும் பயம் தரும். ஒன்றும் செய்யாமல் நிலையற்ற அஞ்சைனாவோடு படியேறி இறங்குவதன் ஆபத்தோடு வைத்துப் பார்த்தால்தான் அதன் உண்மை அளவு தெரியும். இறால் ஒத்துவராது என்பதற்கும் சாயத்துக்கும் சம்பந்தமில்லை. முன்பு ஸ்கேன் சாயத்துக்கே ஒவ்வாமை வந்திருந்தால் மட்டும் சொல்லுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று கிரியற்றினின் பார்ப்பார்கள். அது குறைவாயிருந்தால் மெட்ஃபோமினை 48 மணி நேரம் நிறுத்தச் சொல்லலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

படத்தைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் ஸ்டென்ட் (அடைத்த நாடியை விரித்து வைக்கும் வலைக்குழாய்) என்பதில்லை. நிலையான அஞ்சைனாவில் மருந்தோடு ஸ்டென்டும் வைத்ததால் உயிரிழப்போ மாரடைப்போ தடுக்கப்படவில்லை. இறுக்கம் குறைந்து நடக்க முடிந்தது என்பதே நன்மை. 2007இல் வந்த கரேஜ் ஆய்வும், ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வும் சொன்னது இதையே. ஆனால் இடப்பக்கப் பிரதான நாடி அடைப்பு அந்த ஆய்வுகளில் சேராது. உங்களைப் போல ஓய்வில் வந்து கூடிக்கொண்டு போகிறவர்களும் சேரமாட்டார்கள். யாராவது பத்திரிகைத் துணுக்கைக் காட்டி ‘ஸ்டென்ட் தேவையில்லையாம்’ என்றால் இந்த வேறுபாட்டைச் சொல்லுங்கள்.

இனிக் கல்யாணம். நீங்கள் கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். இப்போது படமெடுத்து ஸ்டென்ட் வைத்தால், வேறு சிக்கல் இல்லாவிட்டால் சில நாட்களில் வீடு. இரண்டரை மாதத்தில் பந்தலடியில் நிற்பீர்கள். பைபாஸ் தேவைப்பட்டால்கூட நெஞ்செலும்பு பொருந்த ஆறு முதல் பன்னிரண்டு கிழமை. மட்டுமட்டாக, கதிரையில் இருந்தாவது, கல்யாணத்தைப் பார்க்கலாம். பிற்போட்டால், பலகாரச் சூடும் அழைப்பிதழ் அலைச்சலும் நித்திரை முழிப்பும் கூடும் அந்தக் கடைசிக் கிழமையிலேயே அது வரக்கூடும். மகளுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்தால் வேலை குறையாது, உங்களுக்குத்தான் கூடும். ஸ்டென்ட் வைத்தால் இரண்டு உறைவெதிர்ப்பு மருந்தும் வழக்கமாகப் பன்னிரண்டு மாதம். பல்லுப் பிடுங்க வேண்டும் என்றாலும், விரதம் என்றாலும், இருதய டொக்டரைக் கேட்காமல் ஒரு நாளும் தவறவிடக் கூடாது.

சம்மதப் பத்திரம் உங்களுக்கு விளங்கும் மொழியில் விளக்கப்பட வேண்டும்; விளங்கும் வரை கேட்பது உங்கள் உரிமை. வீட்டுக்கு வரும்போது டயக்னோசிஸ் கார்ட்டும் அஞ்சியோகிராம் அறிக்கையும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பாடசாலைக்கு மெடிக்கல் எடுக்கவும், அடுத்த கிளினிக்குக்கும் அவைதான் வேண்டும்.

மறுபடி வந்தால்

செய்யும் வேலையை நிறுத்தி உட்காருங்கள். படுக்க வேண்டாம், நடந்து பார்க்க வேண்டாம். உங்கள் பெயரில் ஜீ.டி.என். தந்திருந்தால் இருந்தபடியே ஒன்றை நாக்குக்குக் கீழ் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் விடவில்லை என்றால் 1990. குளிசை இல்லாவிட்டால், அல்லது வியர்வை, மூச்சு முட்டல், மயக்கம் சேர்ந்து வந்தால், ஐந்து நிமிடமும் பார்க்க வேண்டாம். அஸ்பிரினுக்கு ஒவ்வாமையோ இரைப்பை இரத்தக் கசிவோ இல்லாவிட்டால் 300 மில்லிகிராமைச் சப்பி விழுங்குங்கள். முழுதாக விழுங்கினால் உறிஞ்ச நேரமெடுக்கும், அதனால்தான் சப்பச் சொல்கிறோம். இஞ்சிப் பிளேன்டி, சோடா, ஓமத் தண்ணி என்று வீட்டார் கொண்டுவருவதை அன்போடு மறுத்துவிடுங்கள். அவற்றில் போவது மருந்து வேலை செய்ய வேண்டிய நேரம்.

சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், அதில் பயிற்சி பெற்ற உதவியாளரும் ஒட்சிசனும் இருக்கும். காலி வீதி நெரிசலில் ஓட்டோவில் அவை கிடையாது. தொலைபேசியில் வீதிப் பெயரோடு பக்கத்தில் தெரிந்த கோயிலையோ கடையையோ சொல்லுங்கள். கீழே இருக்கும் வோச்சரிடம் இன்றே உங்கள் வீட்டு இலக்கத்தையும் மாடியையும் சொல்லி வையுங்கள். லிஃப்ட் நின்றிருந்தால் உங்களை இறக்கக் கதிரை ஒன்றும் இரண்டு ஆளும் வேண்டும். இரவு அறைக் கதவை உள்ளே பூட்டாதீர்கள். மகனை எழுப்பத் தயங்காதீர்கள்.